லேபிள் கிழித்த குப்பிகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் மருந்து ஆய்வாளர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் துறை ஆட்கள் கேட்டார்கள். சட்டப் பிரிவுகளை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சாம்பிள் எடுப்பது, சீல் வைப்பது, கோர்ட்டில் நிற்பது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே சொல்லிக் கொடுக்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த வேலையில் இருக்கும்வரை உங்களுக்கு யாரும் ஆசையோடு ஒரு டீ வாங்கித் தர மாட்டார்கள். அப்படி யாராவது வாங்கித் தந்தால், நீங்கள் குடிக்கக் கூடாது.

இதை எனக்குச் சொன்னவர், நான் திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு மேலே இருந்த அதிகாரி. மெலிந்த மனிதர், அதிகம் பேச மாட்டார். முதல் நாள் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மெடிக்கல் ஷாப்புகளைச் சுற்றிக் காட்டினார். சித்திரை வெயில். ஒரு கடைக்காரர் அன்பாக ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். நான் கையை நீட்டிவிட்டேன். அதிகாரி என் கையைப் பார்த்த பார்வையில் கை தானாகவே திரும்பி வந்துவிட்டது. ஜீப்பில் ஏறியதும், "இன்னிக்குத் தண்ணி குடிச்சீங்கன்னா, நாளைக்கு அவன் கடையில குனிஞ்சு பாக்க வேண்டிய அலமாரிய நின்னுக்கிட்டே பாத்துட்டு வந்துடுவீங்க" என்றார். அன்றிலிருந்து பையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் நான் வெளியே போனதில்லை.

அது நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. தேரடித் தெருவில் நான் நடந்தால் கடைக்குக் கடை எழுந்து நிற்பார்கள். அதை மரியாதை என்று நினைக்கிற அளவுக்கு நான் அசடு இல்லை. கல்யாணத்துக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். "உங்ககூட வந்தா பந்தியில எனக்குப் பக்கத்து எல காலியாவே இருக்குது" என்று என் மனைவி சிரித்துக்கொண்டே சொல்வாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டில் நான் ஒருத்தன் மட்டும் இருக்கிறேன். வீடு எங்கள் இரண்டு பேருக்காகக் கட்டியது.

சொந்தக் கதை போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

விடிகிற நேரத்தில் கிரிவலப் பாதையில் ஓடுகிறவர்கள் எல்லோரும் பக்தர்கள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேருக்குச் சாமியிடம் இருக்கிற ஒரே வேண்டுதல் போலீஸ் செலக்‌ஷன். மீதிப் பேரில் கபடி ஆடுகிறவர்கள் உண்டு. கபடியில் பெயர் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும் என்று நிலத்தை விட்டுவிட்டு வந்து ரூம் எடுத்துத் தங்கியவர்கள். இந்த இரண்டு கூட்டமும் வந்து சேருகிற ஒரு ஜிம் ஊருக்கு வெளியே இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒல்லியாக வருகிற பையனை நாலே மாதத்தில் தூண் மாதிரி ஆக்கிவிடுவார் என்று பேர். 'சத்து ஊசி' என்று அவர் சொன்னது ஸ்டீராய்டு. அதோடு இன்னும் என்னென்னவோ.

மாஸ்டரிடம் ஒரு தந்திரம் இருந்தது. ஊசி மருந்து வந்ததும் குப்பிகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு லேபிளைக் கிழித்துவிடுவார். சட்டத்துக்குப் பயந்து அல்ல. பெயர் தெரிந்தால் பையன்கள் நேராக மெடிக்கலில் போய் வாங்கிக்கொள்வார்கள், தன் வியாபாரம் போய்விடும் என்ற கவலை. ஆக, தன் உடம்புக்குள் போவது என்ன என்று போட்டுக்கொள்கிறவனுக்கே தெரியாது.

ஒரு பௌர்ணமி அன்று காலையில் அந்த ஜிம்மில் ரெய்டு போனேன். பௌர்ணமியன்று போலீஸ் முழுக்கக் கூட்டத்தோடு மல்லுக்கட்டும், யாரும் வர மாட்டார்கள் என்று மாஸ்டர் நம்பியிருப்பார் என்பது என் கணக்கு. கணக்கு சரியாக இருந்தது. துணைக்கு ஒரே ஒரு கான்ஸ்டபிள்தான் கிடைத்தார், அவரும் முனகிக்கொண்டே வந்தார். மாஸ்டர் கையும் களவுமாகச் சிக்கவில்லை, பின்பக்கமாக ஓடிவிட்டார். ஆனால் அலமாரி நிறையக் குப்பிகள். ஒன்றிலும் லேபிள் இல்லை. எண்ணெய் போல ஒரு வகை, தண்ணீர் போல ஒரு வகை, கலர் மாத்திரைகள். எல்லாவற்றையும் சீல் வைத்து ஜீப்பில் ஏற்றியபோது எனக்குள் ஒரு திருப்தி இருந்ததை மறைக்க மாட்டேன்.

அலுவலகத்துக்குத் திரும்புகிற வழியில் போன் வந்தது. ஊரில் சின்னதாக ஒரு மருத்துவமனை நடத்துகிற டாக்டரம்மா. என்னைப் பார்த்து எழுந்து நிற்காத ஒரே ஆள் இந்த ஊரில் அவர்தான். "சார், நீங்க காலைல அந்த ஜிம்முல எடுத்ததுல என்ன இருந்துச்சு? அங்க போற ஒரு பையன் இங்க நெனவு இல்லாம கெடக்கறான்" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். லேபிள் இல்லை, பரிசோதனைக்கு அனுப்பிப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். "அது வரைக்கும் இவன் இருக்கணுமே" என்று வைத்துவிட்டார்.

கூட்டத்துக்குள் ஜீப்பை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் என்ஜினை ஆஃப் பண்ணாமல் நின்றது. உள்ளே கட்டிலில் விக்னேஷ் என்ற கபடிக்காரன். கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலாக் கடலை பயிரிடுகிற குடும்பம். அகலமான தோள், உப்பிய கை, அந்த உடம்பின் மேல் ஒரு குழந்தை முகம். கண் லேசாக மஞ்சளாக இருந்தது.

டாக்டரம்மா என்னை ஓரமாக அழைத்து நிலைமையைச் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருக்கிறது. குளுக்கோஸ் ஏற்றினால் கண் திறக்கிறான், கொஞ்ச நேரத்தில் மறுபடி விழுகிறான். உடம்பை ஏற்ற இன்சுலின் போட்டிருந்தால் இப்படி ஆகும். அப்படியென்றால் இங்கேயே வைத்து, நகராமல் பக்கத்தில் இருந்து சர்க்கரையை ஏற்றிக்கொண்டே இருந்தால் பிழைப்பான். ஆனால் மாத்திரை தின்று கல்லீரல் கெட்டிருந்தாலும் இப்படி ஆகும். அப்படியென்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

"ரத்த ரிப்போர்ட் வர நேரமாவும். ரோடு பூரா ஜனம். தப்பா அனுப்பினா வழியிலயே போயிடுவான். தப்பா வெச்சிருந்தா இங்கயே போயிடுவான். கடைசியா என்ன போட்டான், எப்ப போட்டான், அது ஒண்ணு தெரிஞ்சா போதும்" என்றார்.

"தண்ணி மாதிரி இருந்த குப்பி இன்சுலினா இருக்கும்னு எனக்குத் தோணுது டாக்டர்."

"உங்களுக்குத் தோணறத வெச்சு நான் ஒரு உசுர எப்படி சார் முடிவு பண்ண முடியும்? அலமாரியில இருந்தது முக்கியமில்ல. அவன் ஒடம்புல போனது எது?"

அது தெரிந்த ஒருத்தன் அங்கேயே இருந்தான். விக்னேஷோடு ஒரே ரூமில் தங்கியிருந்து, அவனை பைக்கில் தூக்கி வந்த அன்சர். பரம்பரையாகப் பாய் நெய்கிற வீட்டுப் பையன், போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவன். ரெய்டு சேதி கேட்டதும் ரூமில் இருந்த குப்பிகளையெல்லாம் கொண்டுபோய் ஏரியில் எறிந்துவிட்டிருக்கிறான், பக்கத்து ரூம் பையன்கள் பார்த்திருக்கிறார்கள். டாக்டரம்மா எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டார். அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெர்ல மேடம். ஜூஸ் குடிச்சான், வுழுந்துட்டான்."

சொல்லும்போது அவன் கண் டாக்டரம்மா முகத்தில் இல்லை. என் பின்னால் நின்ற கான்ஸ்டபிள் மேல் இருந்தது.

வராந்தாவில் விக்னேஷின் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க ஆபீசராமே. நீங்க ஒரு அதட்டு அதட்டுனா அந்தப் புள்ள சொல்லிடுவான் சார். கேளுங்க சார்." கான்ஸ்டபிளும் என் காதோடு வந்து, "ரெண்டு தட்டு தட்டினா தானா வந்துடும் சார்" என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வாசலில் ஆம்புலன்ஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. ஒரு தாய் உங்கள் கையைப் பிடித்திருக்கிறார். தட்டினால் வரும் என்று பக்கத்தில் ஒருவர் சொல்கிறார். வரும், அதில் சந்தேகம் இல்லை. அடிக்குப் பயந்தவன் அடியை நிறுத்துகிற பெயரைச் சொல்வான். அது சரியான பெயராக இருக்க வேண்டும் என்ற அவசியம் அவனுக்கு இல்லை. அந்தத் தப்பான பெயரை நம்பி டாக்டரம்மா வைத்தியம் பார்ப்பார்.

அன்சருக்கு என்ன பயம் என்பது எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் அவனும் போட்டுக்கொண்டது வெளியே வரும். கேஸில் பெயர் வந்தால் போலீஸ் வேலையை அவன் கனவில்கூடப் பார்க்க முடியாது. கட்டிலில் கிடப்பவன் உயிர் நண்பன்தான். ஆனால் கதவில் நிற்பவன் நான்.

கான்ஸ்டபிளை ஜீப்பில் போய் உட்காரச் சொன்னேன். அவர் போன பிறகு அன்சரிடம் போனேன்.

"தம்பி, நான் உன்ன ஒண்ணும் கேக்கப் போறதில்ல. டாக்டரம்மா கிட்ட மட்டும் சொல்லு. நான் வெளிய போயிடறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க அப்புறமா அவங்கள கேப்பீங்க இல்ல சார்?"

"கேக்க மாட்டேன்."

"அவங்களா சொல்லிட்டாங்கன்னா?"

டாக்டரம்மா குறுக்கே வந்தார். "நான் சொல்ல மாட்டேன். கோர்ட்டுல நிக்க வெச்சாலும் சொல்ல மாட்டேன். போதுமாப்பா?"

அவன் அப்போதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரும்பி நடந்தேன். விக்னேஷின் அம்மா, "கேக்காம போறாரே, கேக்காம போறாரே" என்று அழுதது வாசல் வரைக்கும் கேட்டது. அந்தக் குரல் இன்றைக்கும் சில நேரம் கேட்கிறது. எதிர்ப்புறம் ஒரு டீக்கடை இருந்தது. கிரிவலம் போகிற கூட்டத்துக்கு நடுவில், ஜன்னல் வழியாக அவன் பார்த்தால் நான் வெளியே நிற்பது தெரிகிற மாதிரி அங்கே போய் நின்றேன்.

இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ முறை தனியாக நின்றிருக்கிறேன். அந்த டீக்கடை வாசலில் நின்ற மாதிரி ஒருபோதும் நின்றதில்லை. ஆயிரக்கணக்கான ஜனம் அரோகரா சொல்லிக்கொண்டு என்னை உரசிப் போகிறது. நான் அந்த ஆம்புலன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பேசினானா, பேசவில்லையா என்று எனக்குத் தெரிய வேறு வழியில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்து டிரைவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் என்ஜினை நிறுத்தினார். இறங்கி, சோம்பல் முறித்து, ரோட்டைக் கடந்து வந்து என் பக்கத்தில் நின்று டீ சொன்னார். "இங்கியே வெச்சிப் பாக்கறாங்களாம்" என்றார். அன்சர் பேசிவிட்டான் என்று புரிந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

விக்னேஷ் பிழைத்தான். கபடி அதோடு போயிற்று, ஊருக்குப் போய்விட்டான். அன்சர் சொன்னது என்ன என்று நான் கேட்கவில்லை. ஊகம் உண்டு, அவ்வளவுதான்.

கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போட்டுக்கொண்டவன் சாட்சி இல்லாமல் கேஸ் நொண்டியது. அன்சரை விசாரியுங்கள் என்று போலீஸ் கேட்டது, அவனிடமிருந்து எனக்கு ஒன்றும் தெரிய வரவில்லை என்றேன். அது பொய்யும் இல்லை. பிறகு பிடிபட்ட மாஸ்டர் ஜாமீனில் வந்து, வேறு பெயரில், வேறு தெருவில் ஜிம் திறந்தார். இன்னும் கொஞ்ச நாளில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆய்வாளர் மாஸ்டரிடம் வாங்கிவிட்டார். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவன் வாங்கிவிட்டானாம். மேலதிகாரி ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். "என்னங்க, ஏதாவது அட்ஜஸ்ட்மென்ட்டா?" எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே மேஜை உடைந்திருக்க வேண்டும். ஃபைலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கலெக்டர் ஆபீசில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஸ்டீராய்டு விற்பவனோடு சேர்த்து, போட்டுக்கொள்கிற விளையாட்டுக்காரனையும் ஜெயிலில் போட வேண்டுமா என்று பேச்சு. காவல்துறையிலிருந்து வந்த அதிகாரி, "ஒருத்தன உள்ள வெச்சா மத்தவன் ஊசியத் தொட மாட்டான்" என்றார். டாக்டரம்மா எழுந்து, "தொடுவான். ஒளிஞ்சிக்கிட்டுத் தொடுவான். என்கிட்ட வரட்டும், ரத்தம் பாத்து, அளவு பாத்து, நானே கவனிச்சிக்கறேன். அப்பதான் உசுரோட இருப்பான்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நம் துறை ஜெயில் பக்கம்தான் பேசும் என்று போலீஸ் எதிர்பார்த்தது. அந்த ஆம்புலன்ஸ் நாளுக்குப் பிறகு நான் தன் பக்கம் என்று டாக்டரம்மா எதிர்பார்த்தார். நான் அவரிடமே திரும்பினேன்.

"டாக்டர், நீங்க அளவு பாத்து எழுதிக் குடுத்தா விக்னேஷ் பொழைப்பான், சரி. அதே டீம்ல ஒண்ணும் போடாம ஆடறவன் ஒருத்தன் இருப்பான் இல்லையா? அவன் நாளைக்கு உங்க வாசல்ல வந்து எனக்கும் எழுதுங்கன்னு நிப்பானே. அவனுக்கு என்ன பதில்?"

அவர் பேனாவைக் கையில் உருட்டினார். "பதில் இல்ல சார். ஆனா என் வாசல்ல வந்து நின்னா நான் அவன்கிட்ட பேசவாவது முடியும். ஜெயிலுக்குப் பயந்து வரலன்னா, யாரு பேசறது?"

நல்ல பதில்தான். ஆனாலும் என்னால் முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. விற்கிறவனுக்கு இரக்கமே வேண்டாம், பிடித்து உள்ளே போடுங்கள். போட்டுக்கொண்டவன் மேல் கேஸ் வேண்டாம். போட்டுக்கொண்டவனை டாக்டர் பார்க்கட்டும், ஆனால் அந்த ஊசியை டாக்டர் கையால் எழுத வேண்டாம். இவ்வளவுதான் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். போலீஸ் அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். மதியம் சாம்பார் சாதம் கொடுத்தார்கள். நான் தட்டோடு போய் உட்கார்ந்த மேஜைக்கு வேறு யாரும் வரவில்லை. மனைவி இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

நான் செய்ததையே நீங்களும் செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு கேஸைக் கோட்டைவிட்ட மனிதன் அறிவுரை சொல்ல லாயக்கில்லை. அலமாரி காலியானதும் வேலை முடிந்தது என்று ஜீப்பில் சாய்ந்து உட்காராதீர்கள். நீங்கள் அலமாரியைக் காலி பண்ணிய அதே நேரத்தில் எங்கேயோ ஒருத்தன் பயந்துபோய் ஏரியில் எதையோ எறிந்துகொண்டிருப்பான். அதற்கப்புறம் அவன் உடம்பில் என்ன இருக்கிறது என்று அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் வாய் திறப்பதற்கு நீங்கள் தடையாக நின்றால், நகர்ந்துகொள்ளுங்கள். உங்களை யாரும் பாராட்ட மாட்டார்கள்.

அன்சருக்குப் போலீஸ் வேலை கிடைத்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பௌர்ணமியில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் தடுப்பு வைத்துக் கூட்டத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் சட்டென்று வேறு பக்கம் திரும்பி யாருக்கோ விசில் அடித்தான். இவரை உனக்கு எப்படித் தெரியும் என்று கூட நிற்பவர்கள் கேட்டால் என்ன சொல்வான்? எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் அன்று கிரிவலம் முடிகிற வரைக்கும் மனசு வலித்தது.

போன மாதம் ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் பைக் வந்து நின்றது. அன்சர், யூனிஃபார்ம் இல்லாமல். பின்னால் அவன் தம்பி, கல்லூரியில் கபடி ஆடுகிறவனாம், கேட்டுக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அன்சர் உள்ளே வந்து உட்காரவில்லை.

"சார், இப்ப நீங்க யாரையும் புடிக்க முடியாது இல்ல?"

"முடியாதுப்பா. ரிட்டயர்டு."

பாக்கெட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்து என் கையில் வைத்தான். லேபிள் கிழித்த குப்பி. "இவன் பையில இருந்துச்சு. இன்னான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறான்."

இந்த வேலையில் நான் எத்தனையோ குப்பிகளைப் பிடுங்கியிருக்கிறேன். ஒருத்தர் தானாகக் கொண்டுவந்து என் கையில் வைத்தது அதுதான் முதல் தடவை. பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது, டாக்டரம்மாவிடம் போகலாம் என்றேன். ஆட்டோ பிடித்து அவர்கள் பின்னாலேயே போனேன்.

மருத்துவமனை வாசலில் அண்ணன் தம்பி இருவரையும் உள்ளே போகச் சொல்லிவிட்டு, பழக்க தோஷம், நான் ரோட்டைக் கடந்து அதே டீக்கடைக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அன்சர் மட்டும் வெளியே வந்தான். இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்து வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"நான் அங்க இருந்தா பேச மாட்டானாம் சார். நான் போலீசாம். டாக்டரம்மா என்ன வெளிய போவச் சொல்லிட்டாங்க."

நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். அவன் என் பக்கத்தில் வந்து நின்று, எதிரே அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கடைக்காரரிடம் ரெண்டு டீ சொன்னான். ஒன்றை என்னிடம் நீட்டினான்.

வாங்கிக் குடித்தேன்.